பழைய கேமரா மன்றத்தில் முதல் ஓராண்டு: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கேமராக்களைச் சேகரிப்போரும் புகைப்பட வரலாற்றில் ஈடுபாடு கொண்டோரும் கூடும் உள்ளூர் மன்றத்துக்கு முதன்முறையாக வருகிறவர்களில் பலர், கையில் ஒரு பையையும் மனத்தில் ஒரே கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். பையில் தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுச்சென்ற கேமரா இருக்கும். கேள்வி, அது எவ்வளவு விலை போகும் என்பதாக இருக்கும். அப்படிக் கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மன்றத்தில் பல ஆண்டுகள் பழகியவர்கள், விடை சொல்வதற்கு முன் தாங்களே சில கேள்விகளைக் கேட்பார்கள்: இது யாருடையது, எப்போது வாங்கியது, இதில் எடுத்த படங்கள் எங்கேனும் இருக்கின்றனவா, உறைக்குள் ஏதாவது காகிதம் இருந்ததா? கேமரா ஒரு மூலையில் நூறாண்டு கிடந்தாலும் கிடக்கும். அதைப் பற்றிய செய்தியோ, சொல்லத் தெரிந்தவர் மறைந்த அன்றே போய்விடுகிறது. மன்றம் காக்க வேண்டியவற்றுள் முதன்மையானது அந்தச் செய்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் படிகளின் வரிசையும் அந்த நம்பிக்கையை ஒட்டியே அமைந்தது.

புகைப்படக் கலைக்கான சங்கங்கள் மிகப் பழையவை. பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் 1853இல் லண்டனில் தொடங்கப்பட்டது. கருவிகளைச் சேகரிப்பதற்கும் அவற்றின் வரலாற்றை ஆராய்வதற்கும் என்றே தனி அமைப்புகள் உருவானது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்தான். கனடாவின் புகைப்பட வரலாற்றுச் சங்கம் 1974இலும், பிரிட்டனின் புகைப்படச் சேகரிப்பாளர் மன்றம் 1977இலும் தோன்றின. உங்கள் ஊர் மன்றம் பத்துப் பேர் கூடும் சிறு குழுவாக இருந்தாலும், அது செய்யும் வேலை இவற்றின் வேலையைப் போன்றதே.

முதல் கூட்டத்துக்கு முன்

காலவரிசை ஓரளவு தெரிந்திருந்தால் முதல் கூட்டத்தின் பேச்சே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பெரிய நூல்களைப் படித்து முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. சில திருப்புமுனைகளை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். 1839இல் பிரான்சில் டகேர் தம்முடைய முறையை வெளியிட்டார்; வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் ஒரே ஒரு படம் கிடைக்கும், அதைப் பிரதி எடுக்க முடியாது. இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கேலோடைப் முறையில் காகித நெகடிவ் உருவானது. ஒரு நெகடிவிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித்தகட்டின் பூச்சு உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும் என்பதால், புகைப்படக்காரர் இருட்டறையையே கூடாரமாகக் கட்டி உடன் கொண்டுசெல்ல நேர்ந்தது. 1871இல் மேடக்ஸ் விவரித்த ஜெலட்டின் உலர்தகடு அந்தச் சுமையை இறக்கியது.

அதன்பின் 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்கத் தொடங்கினார். நூறு படங்களுக்கான ஃபிலிம் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் வந்த பிரௌனி பெட்டிக் கேமரா சிறுவர்கள் கைக்கும் புகைப்படத்தைக் கொண்டுசேர்த்தது. ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமாகி 35 மி.மீ. ஃபிலிமுக்குப் பெருமை தேடித் தந்தது. இரட்டை லென்ஸ் கொண்ட ரோலைஃப்ளெக்ஸ் 1929இலும், உடனடிப் படம் தரும் போலராய்டு 1948இலும், தொழில்முறைப் புகைப்படக்காரர்களை, படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் பக்கம் திருப்பிய நிக்கான் எஃப் 1959இலும் வந்தன. மன்றத்தில் நீங்கள் காணப்போகும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் புள்ளிகளுக்கு இடையில் எங்கேனும் வந்து அமரும்.

கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

முதல் நாள் ஒரே ஒரு பொருளை மட்டும் கொண்டுசெல்லுங்கள். பத்துக் கேமராக்களை மேசையில் பரப்பினால் எதைப் பற்றியும் யாரும் நிறைவாகப் பேச மாட்டார்கள். ஒன்றை வைத்தால் அதைச் சுற்றி அரைமணி நேரம் பேச்சு நடக்கும். கூடவே ஒரு குறிப்பேடு, பென்சில், சிறிய டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவை இருக்கட்டும். பேனாவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பழைய படங்களும் தோலும் இருக்கும் மேசையில் மை சிந்தினால் அதை நீக்க வழியில்லை.

பிறருடைய பொருளைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அனுமதி கிடைத்த பின்னும் இரு கைகளாலும் பிடித்து, மேசைக்கு மேலாகவே, குறைந்த உயரத்தில் வைத்துப் பாருங்கள். மோதிரமும் கைக்கடிகாரமும் கீறலை உண்டாக்கும் என்பதால் அவற்றைக் கழற்றி வைப்பது நல்லது. லென்ஸின் கண்ணாடிப் பரப்பில் விரல் படக் கூடாது. ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டரை அழுத்திப் பார்க்க ஆசை எழும். உரிமையாளர் அழுத்திக் காட்டும்வரை பொறுத்திருங்கள்.

பெரும்பாலான மன்றங்களில் ஆளுக்கொரு பொருளைக் காட்டிப் பேசும் நேரம், பின்னர் ஒரு சிற்றுரை, கடைசியில் மாற்றிக்கொள்வதற்கும் விற்பதற்கும் ஒரு மேசை என்று கூட்டம் அமையும். முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் அந்த விற்பனை மேசையில் எதையும் வாங்காதீர்கள் என்பதே என் அறிவுரை. அங்கே நிற்பவர்கள் பேசுவதைக் கேளுங்கள். ஒரே வகைக் கேமரா இரண்டு இருக்கும்போது அனுபவமுள்ளவர் ஏன் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்துவிட்டுப் போகிறார் என்று கேட்டறியுங்கள். அந்த ஒரு விடையில் ஒரு நூலின் பாடம் இருக்கும்; சேகரிப்பாளர்கள் அதைச் சொல்லத் தயங்குவதே இல்லை.

எதைச் சேகரிப்பது

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்குகிறவர்களின் அலமாரி இரண்டே ஆண்டில் நிரம்பிவிடுகிறது. பிறகு இடமும் ஆர்வமும் ஒருங்கே குறைந்துவிடுகின்றன. ஆகவே ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் கேமராக்கள், ஒரே பத்தாண்டில் வந்தவை, 127 போன்ற ஒரே ஃபிலிம் அளவுக்கானவை, இரட்டைப் படங்களால் ஆழத்தைக் காட்டும் ஸ்டீரியோ கருவிகள், ஒளிமானிகள் மட்டும் என்று அந்த எல்லை எதுவாகவும் இருக்கலாம். பணமும் இடமும் குறைவாக உள்ளவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது, ஒரு வட்டாரத்தில் இயங்கிய பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் உறைகளையும் ரசீதுகளையும் விளம்பரத் தாள்களையும் சேகரிப்பதை. கேமராவை இன்னொருவரும் வைத்திருப்பார். அந்த ரசீது உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும். அதைத் தேடி எடுத்துக் காப்பவர் மிகச் சிலரே.

கேமராவைச் சோதிக்கும் முறை

வாங்குவதற்கு முன்னும், வீட்டில் கிடந்ததை எடுத்துப் பார்க்கும்போதும் ஒரு வரிசையைப் பின்பற்ற வேண்டும். அந்த வரிசையின் முதற்படி, உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பார்ப்பது. 35 மி.மீ. கேமராவில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறித் திசையில் மெல்லத் திருப்புங்கள். இழுப்புத் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் உண்டு. பெட்டிக் கேமராக்களிலும் மடக்குக் கேமராக்களிலும் பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் எண்ணோ காகிதமோ தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்கதவைத் திறக்காதீர்கள். ஒளிபட்டும் கழுவப்படாத ஃபிலிமில் மறைந்திருக்கும் உருவம் பல பத்தாண்டுகள் கழித்தும் வெளிப்பட்டதுண்டு. மன்றத்தில் இருட்டறை வேலை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், அவரிடம் கொடுங்கள். உள்ளே இருப்பது கோடாகுரோம் என்றால், அதற்குரிய வண்ணக் கழுவல் 2010ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கறுப்பு வெள்ளையாக மட்டுமே அதை மீட்க முடியும்.

அடுத்தது ஷட்டர். இங்கே புதியவர்கள் செய்யும் பிழைகள்தாம் மிகுதி. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். எந்தக் குமிழும் நெம்புகோலும் எளிதாகத் திரும்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு கேமராவுக்குச் சரியான செயல் இன்னொன்றுக்குக் கேடாக முடியும். கம்பூர் வகை ஷட்டர்கள் பலவற்றில் நொடியில் 500இல் ஒரு பங்கு என்ற உச்ச வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு, அதாவது அதன் வில்லை இறுக்கி இயக்கத்துக்குத் தயாராக்குவதற்கு, முன்பே வைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த வேகத்துக்கென்று கூடுதலாக ஒரு வில் இயங்குகிறது. இதற்கு நேர்மாறாக, ஸோர்க்கி 4 போன்ற சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முன்னதாக மாற்றினால் உள்ளுறுப்புப் பழுதாகக்கூடும். கோடாக் ரெட்டினா கேமராக்கள் சிலவற்றில் படஎண்ணி இறங்குமுகமாக எண்ணிக்கொண்டுவந்து 1இல் நின்றதும் நெம்புகோல் பூட்டிக்கொள்ளும். எத்தனையோ நல்ல ரெட்டினாக்கள் இந்த ஒரு காரணத்தால் 'பழுது' என்று ஒதுக்கப்பட்டன. எண்ணியை மேலே நகர்த்தி வைத்தால் அவை மீண்டும் ஓடும். மடங்கும் ரெட்டினாக்களை மூடும்போது ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவந்த பிறகே மூட வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பழைய செல்ஃப் டைமர் நெம்புகோலை எந்தக் கேமராவிலும் தொடாமல் விடுவதே நல்லது; அது பாதியில் சிக்கினால் ஷட்டரும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

ஷட்டரின் மெதுவான வேகங்களைக் காதால் சோதிக்கலாம். ஒரு நொடி என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு நொடி இழைந்தோடி மூட வேண்டும். இடையில் நின்றால், பெரும்பாலும் உள்ளேயுள்ள எண்ணெய் காலப்போக்கில் இறுகிப் பசையாகிவிட்டது என்று பொருள். இது திறமையான கைகளால் தீரக்கூடிய குறைதான். வீட்டில் கிடைக்கும் எண்ணெயையோ தெளிப்பானையோ அதற்குள் செலுத்துவது, அந்தக் கேமராவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. எண்ணெய் தகடுகளிலும் லென்ஸிலும் பரவி, திருத்துகிறவரின் வேலையைப் பன்மடங்காக்கிவிடும். லைக்கா போன்ற கேமராக்களின் துணித்திரை ஷட்டரில், மூடியில்லாத லென்ஸ் சூரியனைக் குவித்து எரித்த நுண்துளைகள் இருக்கக்கூடும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அவை நட்சத்திரங்களைப் போலத் தெரியும்.

லென்ஸைப் பார்க்க, ஷட்டர் திறந்தே நிற்கும் 'பி' அல்லது 'டி' நிலையில் அதைத் திறந்து, லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை முழுமையாக விரித்து, பின்புறமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்துங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்துப் பரவியிருப்பது பூஞ்சை. அது கண்ணாடியையே அரித்துவிட்டிருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். ஓரங்களில் வானவில் நிற வளையங்கள் தெரிந்தால், இரு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பால்சம் பிசின் விலகத் தொடங்கிவிட்டது. வெண்மையான மூட்டம், ஆவியாகிப் படிந்த எண்ணெயாக இருக்கலாம். ஆனால் கண்ணாடிக்குள் ஒன்றிரண்டு சிறு குமிழிகள் தெரிந்தால் கவலை வேண்டா. அந்தக் காலத்து உயர்தரக் கண்ணாடியில் அவை இயல்பு, படத்தைக் கெடுப்பதில்லை. 1960களின் சில லென்ஸ்கள் மஞ்சளாகத் தோன்றும். தோரியம் கலந்த கண்ணாடி நாளடைவில் அப்படி நிறம் மாறும், சில வாரங்கள் புற ஊதா ஒளியில் வைத்தால் பெரிதும் தெளியும். அந்தக் கண்ணாடி சிறிதளவு கதிர்வீச்சு உடையது என்பதால் அதை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. அலமாரியில் வைத்திருப்பதிலும் படமெடுப்பதிலும் அச்சம் இல்லை.

மடக்குக் கேமராவின் துருத்தியை இருட்டறையில் உள்ளிருந்து டார்ச் அடித்துச் சோதியுங்கள். மடிப்புகளின் மூலைகளில்தான் துளைகள் விழும். 1960கள் முதல் 1980கள் வரை வந்த ஜப்பானியக் கேமராக்களில் பின்கதவின் ஓரத்திலுள்ள நுரைப்பட்டை தார் போல உருகியிருக்கும். அதை மாற்றுவது எளிது, ஆனால் துகள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோலின் மேல் ஆங்காங்கே சிறு புடைப்புகள் இருந்தால், அடியிலுள்ள பித்தளை ஆணிகள் பச்சையாகக் களிம்பேறி மேலெழுந்திருக்கின்றன என்று அறியுங்கள். ஸைஸ் ஐகான் கேமராக்களில் இது அடிக்கடி காணப்படுவதால் சேகரிப்பாளர்கள் இதை 'ஸைஸ் புடைப்பு' என்றே அழைக்கிறார்கள். ஒளிமானி வேலை செய்யாததைக் கொண்டு மட்டும் ஒரு கேமராவைத் தள்ளிவிட வேண்டா. செலினியம் மானி மின்கலம் இல்லாமலே இயங்குவது. அது முதுமையால் தளர்ந்துவிடும். 1960களின் மானிகள் பல 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்கென அமைந்தவை. அவற்றில் இன்றைய 1.5 வோல்ட் கலத்தை இட்டால் முள் ஓடும், அளவு பிழையாகும்.

துடைப்பதற்கு முன் எழுதுங்கள்

நான் மன்றத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் மடக்குக் கேமரா ஒன்றைத் தோலுறையோடு வாங்கினேன். வீட்டுக்கு வந்த அன்றிரவே அதைத் துடைத்து மெருகேற்றி, உறையின் மடிப்புக்குள் இருந்த பழுப்பேறிய தாள் ஒன்றைக் குப்பையோடு எறிந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேமராவைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "உறைக்குள்ளே ஏதாவது இருந்ததா?" என்பதுதான். பென்சிலால் எண்கள் எழுதிய ஒரு தாள் இருந்தது என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் சேகரிப்பிலிருந்து அதைப் போன்ற ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் வைத்த துவாரம், வேகம், நாள், இடம் ஆகியவற்றைப் பழைய உரிமையாளர் தம் கைப்பட எழுதிய பட்டியல் அது. அந்தத் தாளின் துணைகொண்டு அவர் அந்தக் குடும்பத்தின் நெகடிவ்களையே தேடிக் கண்டடைந்திருந்தார். என் கேமராவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, அடைத்தவன் நான்.

எனவே, ஒரு பொருள் உங்கள் கைக்கு வந்ததும் துடைப்பதற்கு முன், திறப்பதற்கு முன், இருக்கும் நிலையிலேயே நான்கு புறமும் படமெடுத்துவிடுங்கள். பிறகு ஓர் அட்டையில், எங்கே, எந்த நாளில், யாரிடமிருந்து கிடைத்தது, அவர் சொன்ன செய்தி என்ன என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "அப்பா திருமணத்துக்கு முன்பு வாங்கினார்" என்ற ஒரு வரி, ஆண்டு தெரியாவிட்டாலும் மதிப்புள்ள சான்று. அதனடியில் உடலின் வரிசை எண், லென்ஸின் வரிசை எண், ஷட்டரின் பெயர், உறையிலுள்ள கடை முத்திரை, உள்ளே கிடைத்த காகிதங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். உங்கள் ஊகத்தை எழுதுவதானால் அது ஊகம் என்று தெளிவாகத் தெரியும்படி தனியே எழுத வேண்டும். அட்டையின் எண்ணை நூலில் கட்டிய சீட்டில் பென்சிலால் எழுதிக் கேமராவில் மாட்டுங்கள். பசையுள்ள தாளைத் தோலின் மீது ஒட்டினால், அதை உரிக்கும்போது தோலும் உரிந்துவரும்.

இவ்வளவும் முடிந்த பிறகு துடைக்கலாம். மென்மையான தூரிகையும், காற்றை ஊதும் ரப்பர் பந்தும், உலர்ந்த பருத்தித் துணியும் பெரும்பாலும் போதும். பழைய நிக்கல் பூச்சையும் கறுப்பு வண்ணத்தையும் பளபளப்பாக்க முனையாதீர்கள். கைபட்டுத் தேய்ந்து பித்தளை தெரியும் இடம், அந்தக் கேமரா எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம்.

ஆண்டைக் கண்டறிதலும் போலிகளும்

கேமராவில் பொறித்த காப்புரிமை நாள்களைக் கண்டு அதுவே செய்த ஆண்டு என்று எண்ணுவது வழக்கமான பிழை. வரிசையாகப் பல நாள்கள் இருந்தால், கடைசி நாளுக்குப் பின்னரே அது செய்யப்பட்டது என்பது மட்டும் உறுதி. வரிசை எண்கள் இதைவிட நம்பத்தக்கவை. லைக்கா போன்றவற்றுக்கு எண்ணையும் ஆண்டையும் இணைக்கும் பட்டியல்கள் உண்டு, மன்றத்தில் யாரேனும் வைத்திருப்பார். கோடாக்கின் உயர்தர லென்ஸ்களில் எண்ணுக்கு முன் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். 'கேமரோசிட்டி' (CAMEROSITY) என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று தொடங்கிப் பத்தாவதற்கு 0 என்று கொள்ள வேண்டும். நான்காம் எழுத்தான 'ஈ', ஆறாம் எழுத்தான 'ஓ' இரண்டும் சேர்ந்து வந்தால் 46, அதாவது 1946இல் செய்த லென்ஸ். இதைக் கற்றுக்கொண்ட நாளில் என்னிடம் இருந்த கோடாக் லென்ஸ்களை எல்லாம் எடுத்து ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்வீர்கள்.

லென்ஸின் ஆண்டும் உடலின் ஆண்டும் பொருந்தாவிட்டால் உடனே போலி என்று முடிவு செய்ய வேண்டா. இடையில் ஒருவர் லென்ஸை மாற்றியிருப்பார். உண்மையான போலிகள் மிகுதியாக உலவுவது லைக்காவில். உக்ரைனின் கார்கிவில் 1934 முதல் தயாரான ஃபெட் கேமராவும், பின்னர் வந்த ஸோர்க்கியும் லைக்கா இரண்டாம் மாதிரியின் பிரதிகள். அவற்றின் மேல்தகட்டைச் சுரண்டி லைக்கா என்று பொறித்து, தங்க நிறம் பூசி, போர்க்காலச் சின்னங்களை எழுதி விற்கிறார்கள். கண்ணைக் கவரும் பொறிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஐயப்பட வேண்டும். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நகரும், தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் நெம்புகோலின் முனையில் சிறு உருளை இருந்தால் லைக்கா என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆப்பு போன்ற தட்டை முனையாக இருந்தால் அது சோவியத் உடல். ஃபெட்டும் ஸோர்க்கியும் தம்மளவில் சேகரிக்கத் தகுந்த நல்ல கேமராக்கள். அவற்றின் சொந்தப் பெயரை அழித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய படங்களை இனங்காணுதல்

கேமராக்களோடு படங்களும் உங்களிடம் வந்து சேரும். கண்ணாடி போலப் பளபளத்து, சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப நேராகவும் நெகடிவாகவும் மாறித் தெரிந்தால் அது டகேரோடைப். அதன் படப்பரப்பை எக்காரணம் கொண்டும் தொடவோ துடைக்கவோ கூடாது. விரலோ துணியோ பட்ட இடத்தில் உருவம் அழிந்துவிடும். கண்ணாடியில் எடுத்துப் பின்னால் கறுப்புப் பூச்சோ துணியோ வைத்தது அம்ப்ரோடைப். மெல்லிய இரும்புத்தகட்டில் எடுத்தது டின்டைப். சிறு காந்தத்தைச் சட்டத்தின் பின்புறம் கொண்டுசென்றால் ஈர்ப்பை உணரலாம். 1854இல் பாரிசில் டிஸ்தேரி காப்புரிமை பெற்ற 'கார்ட் டி விசிட்' படங்கள் ஏறத்தாழ 6க்கு 10 செ.மீ. அட்டையில் ஒட்டப்பட்டவை, 1860களில் தோன்றிய கேபினட் அட்டை ஏறத்தாழ 11க்கு 16.5 செ.மீ. இருக்கும். அட்டையின் பின்புறத்து ஸ்டூடியோ முகவரிதான் ஆண்டைக் கண்டறிய முதல் துணை. ஸ்டூடியோ இடம் மாறிய ஆண்டுகளைப் பழைய ஊர்க் கையேடுகளில் தேடிப் பொருத்திப் பார்க்கலாம்.

ஆபத்தானவை

இரண்டு பொருள்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1889 முதல் 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட செல்லுலோஸ் நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது மிகக் கடினம். ஓரத்தில் 'சேஃப்டி' என்ற சொல் இல்லாத, மஞ்சளாகிப் பிசுபிசுத்து அமில நெடி வீசும் பழைய நெகடிவ்களைத் தனியே, குளிர்ந்த இடத்தில், காற்று உலவும் காகித உறையில் வைத்து, மன்றத்தின் வழியாக ஆவணக் காப்பகத்தாரிடம் ஆலோசனை கேளுங்கள். சிறு துண்டைக் கொளுத்திச் சோதிப்பது என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். காடி நெடி வீசுவது அசிடேட் ஃபிலிம். அது எளிதில் தீப்பற்றும் வகையன்று என்றாலும் அதன் சிதைவு அருகிலுள்ள மற்றவற்றையும் விரைவுபடுத்தும், ஆகவே அதையும் பிரித்து வைக்க வேண்டும்.

மற்றொன்று, இருட்டறைப் பெட்டிகளோடு வரும் பழைய வேதிப்பொருள் புட்டிகள். கொலோடியன் காலத்தில் படத்தை நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடு பயன்பட்டது. டகேரோடைப்புக்குப் பாதரச ஆவி தேவைப்பட்டது. பெயர்ச்சீட்டு அழிந்த எந்தப் புட்டியையும் திறந்து முகராதீர்கள், கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். நச்சுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பிடம் ஒப்படையுங்கள்.

வைத்துக் காப்பதும் பயன்படுத்துவதும்

பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி, சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்த மூடிய பெட்டி போதும். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் கேமராவை உறைக்குள் வைக்காமல் இரண்டையும் அருகருகே வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து, ஷட்டரைப் பல வேகங்களில் சில முறை இயக்குங்கள். ஏற்றிய நிலையில் ஷட்டரை விட்டுவைக்க வேண்டா.

கேமராவில் படமெடுத்துப் பார்க்காத சேகரிப்பாளருக்கு அந்தக் கருவி பாதிதான் புரியும். 1901இல் வந்த 120 ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது. 620 கேமராவுக்கும் அதே அகல ஃபிலிம்தான். சுருள்கட்டை மட்டும் வேறு. இருட்டில் 120 ஃபிலிமைப் பழைய 620 கட்டையில் சுற்றிக்கொள்ள மன்றத்தார் கற்றுத்தருவார்கள். ஆகவே பழைய கேமராவுக்குள் வெறும் கட்டை ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

முதல் உரையும் கடைசிப் பட்டியலும்

ஓராண்டுக்குள் நீங்களே பத்து நிமிடம் பேச முன்வாருங்கள். அரிய பொருள் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு சாதாரணப் பெட்டிக் கேமராவில் முப்பது ஆண்டுகள் என்னென்ன எடுத்தது என்று படங்களோடு காட்டினால், அதுவே நல்ல உரை. பேசி முடித்த பின் வரும் கேள்விகளையும் திருத்தங்களையும் அன்றே அந்தக் கேமராவின் அட்டையில் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கட்டாயம் அங்கே வந்து சேரும்.

கடைசியாக ஒரு வேலை. இதைத் தள்ளிப்போடுகிறவர்களே மிகுதி. உங்கள் அட்டைகள் அனைத்தையும் கொண்டு ஒரு பட்டியல் எழுதி, எந்தப் பொருள் குடும்பத்துக்கு உரியது, எது மன்றத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும், எதை விற்றுவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். நெகடிவ்களும் அவற்றை எடுத்த கேமராவும் பிரியாமல் ஒரே இடத்துக்குப் போகட்டும் என்றால், அதையும் அங்கேயே எழுதிவையுங்கள். பட்டியலின் ஒரு படி வீட்டாரிடமும் மற்றொரு படி மன்றச் செயலாளரிடமும் இருக்க வேண்டும். புதிதாக ஒரு கேமரா வரும்போதெல்லாம் இரண்டு படிகளிலும் அதைச் சேர்த்துவிடுங்கள்.